ஐந்து புத்தகம், ஒரே கையெழுத்து

அன்று அந்த அறையில் இருந்தவர்கள் யார் யார் என்று சரியாகச் சொல்கிறேன். உன் மேசையிலிருக்கும் பழைய கோப்போடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள். சட்டமன்றக் குழுவின் தலைவர் ஒருவர். உறுப்பினர்கள் நான்கு பேர், அதில் ஒருவருக்கு மலைக்குளிர் ஒத்துக்கொள்ளாமல் ஓயாத இருமல். அவர்களோடு சென்னையிலிருந்து வந்த, குறிப்பெழுதும் பிள்ளை ஒருவன். தேயிலைத் திட்டத்தின் பெரிய அதிகாரி. நம் தோட்ட டிவிஷன் ஆபீசர். சிவப்புப் பட்டை கட்டிய டவாலி. உன் அப்பா. குப்புசாமி மாமா. மொத்தம் பதினொரு பேர். கோப்பிலும் பதினொன்று என்றுதான் இருக்கும். பன்னிரண்டாவதாக ஓர் ஆள் உண்டு ராசா. ஒரு கால் கதவு நிலைக்கு உள்ளே, ஒரு கால் வெளியே என்று டீத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற நான். டீ கொண்டுவருகிறவளை யாரும் வருகைப் பட்டியலில் எழுதமாட்டார்கள். அதனால்தான் இந்தக் கடிதத்தை நான் எழுத வேண்டியிருக்கிறது.

போன வாரம் நீ வந்திருந்தபோது சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாய். செயலகத்தில், பொது நிறுவனங்களின் வரவு செலவை ஆராயும் குழுவுக்குக் குறிப்புத் தயாரிக்கும் பிரிவில் உன்னைப் போட்டிருக்கிறார்கள் என்று. குழு மறுபடியும் நம் திட்டத்தைப் பார்க்க வருகிறது, நஷ்டம் ஏன் என்று கேட்கப் போகிறது, மிகையான பணியிடங்களைக் காட்டும் குறிப்பை நீதான் எழுதுகிறாய் என்று. அப்புறம் சிரித்துக்கொண்டே சொன்னாய்: "பழைய அறிக்கையில நம்ம டிவிஷனத்தாம்மா மாதிரியா காட்டிருக்காங்க. அஞ்சு பதிவேட்டையும் ஒரே எழுத்தர் ஒழுங்கா எழுதுறாரு, ரெண்டாவது எழுத்தர் எதுக்குன்னு. அப்பாவோட எழுத்த வச்சே எல்லா டிவிஷன்லயும் ரெண்டாவது குமாஸ்தாவ எடுத்துறலாம்னு எழுதப் போறேன்." உன் முகத்தில் அப்படி ஒரு பெருமை. உன் அப்பா குனிந்தபடி மோரை ஊற்றிக்கொண்டார். நான் இன்னும் கொஞ்சம் ரசம் விடட்டுமா என்று கேட்டேன். கேட்க வேண்டியது அதுவல்ல என்று தெரிந்தே கேட்டேன். நீ பஸ் ஏறிப் போன பிறகு, பனிமூட்டத்துக்குள் அதன் பின்பக்கச் சிவப்பு விளக்கு கரைந்து காணாமல் போகும்வரை நின்றிருந்தேன். நான் வாயை மூடிக்கொண்டது அது இரண்டாம் தடவை. முதல் தடவையைப் பற்றித்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

எனக்கு எழுத்து வந்த கதை உனக்குத் தெரியும், பாதி தெரியும். அக்கரையில், இலங்கையில், தோட்டத்து வரிசை வீடான எங்கள் லயத்துக் காம்பராவில் குளிர்காற்றுக்கு அடைப்பாகச் சுவரெல்லாம் பத்திரிகைத் தாள் ஒட்டியிருப்பார்கள். பள்ளிக்கூடம் பக்கமே போகாத நான் அந்தச் சுவரைப் பார்த்து, யார் வந்தாலும் "இது என்னா எழுத்து, இது என்னா எழுத்து" என்று கேட்டுக் கேட்டுப் படித்தேன். படுக்கிற இடத்துக்கு நேரே ஒரு தாளை என் அய்யா தலைகீழாக ஒட்டியிருந்தார். அதனால் எனக்குத் தலைகீழாகவும் படிக்க வந்தது. இப்போதும் கண்ணை மூடினால் அந்தச் சுவர் வருகிறது. எழுத்துகள் ஈரத்தில் ஊறிக் கொஞ்சம் கொஞ்சமாக மிதக்கின்றன. அதற்கு மேலேயே கப்பல் வருகிறது, மண்டபம் முகாமின் வெள்ளை மணல் வருகிறது, அப்புறம் இந்த மலை வருகிறது. அங்கே இருந்த அதே பச்சை, அதே மூட்டம். முதல் நாள் காலையில் கதவைத் திறந்து பார்த்தபோது நாங்கள் கிளம்பவே இல்லையோ என்று எனக்கு மயக்கமாக இருந்தது.

அப்பா அங்கே கணக்கப்பிள்ளையாக இருந்தவர் என்பதால் இங்கே எழுத்தராக எடுத்துக்கொண்டார்கள். அது பெரிய கொடுப்பினை. உடன் வந்தவர்கள் எல்லாம் தேயிலை பறிக்கக் கொழுந்துக் கூடையைத் தூக்கினார்கள். இங்கே வந்த இரண்டாவது மழைக்காலத்தில் அவருக்கு விஷக்காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போயிற்று, வலது கையில் நடுக்கத்தை விட்டுவிட்டுப் போயிற்று. பேனா தாளில் நிற்காது. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஒரு கையெழுத்து மட்டும் எப்படியாவது போட்டுவிடுவார். எழுத முடியாத எழுத்தரை யார் வைத்துக்கொள்வார்கள்? நிலமில்லை, இந்தப் பக்கம் சொந்தமில்லை, கையிலிருந்தது குடும்ப அட்டை ஒன்றுதான். ஒரு நாள் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தவர் மடியில் வேலைக்கு வந்தவர்களின் பேர் போடும் புத்தகத்தையும் கொழுந்து நிறுவைப் புத்தகத்தையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், சாப்பிடவில்லை. நான் கையை நீட்டினேன். "வேணாம், இது அரசாங்கப் புத்தகம்" என்றார். "அரிசி அரசாங்கம் போடலேன்னா பானையில என்னா இருக்கும்?" என்று கேட்டு வாங்கிக்கொண்டேன்.

அன்று தொடங்கியது. மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் மூட்டம் இறங்கி ஜன்னலுக்கு வெளியே உலகம் இருக்காது. அடுப்பில் கனல் இருக்கும். அவர் சிட்டையிலிருந்து வாசிப்பார், நான் எழுதுவேன். இருநூறு பெண்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக அந்த மூட்டத்துக்குள்ளிருந்து நடந்து வந்து என் பேனாமுனையில் நின்றுவிட்டுப் போகிற மாதிரி இருக்கும். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் சின்னதாக ஒரு பிள்ளையார் சுழி போட்டுவிட்டுத்தான் தொடங்குவேன். அது இல்லாமல் ஒரு தாளைத் தொட எனக்குக் கை வராது. மளிகைச் சீட்டுக்கும் போடுகிறவள் அரசாங்கப் புத்தகத்துக்குப் போடாமல் இருப்பேனா? நீ பள்ளிக்கூடத்திலிருந்து வந்து "என்னாம்மா எழுதுற?" என்று கேட்டாய். "ஊட்டுக் கணக்குடா" என்றேன். உன்னிடம் நான் சொன்ன முதல் பொய் அது. நீ நம்பினாய். உன் அப்பாவின் எழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று நீ கூட்டாளிகளிடம் சொல்லித் திரிந்தபோதும் நான் திருத்தவில்லை.

இத்தோடு நின்றிருந்தால் அது புருஷனுக்குச் செய்த உதவி என்றாவது இருக்கும். நிற்கவில்லை. குப்புசாமி மாமா இரண்டாவது எழுத்தர், காரமடைப் பக்கத்து ஆள், உன் அப்பாவைவிடப் பத்து வயது இளையவர். உரம், ரேஷன் அரிசி, லாரி என்று அவரிடம் மூன்று புத்தகம். ஆனால் அந்த மனிதனை மேசையில் யார் பார்த்தது? காலையில் தேயிலைக் காட்டுக்குள் போய்த் தராசு பக்கத்தில் நிற்பார். கொழுந்து ஏற்றிய லாரியோடு பேக்டரிக்குப் போய் அங்கே மறுபடி நிறுக்கும்போது தராசு முள்ளிலிருந்து கண்ணை எடுக்காமல் நிற்பார். திரும்பும்போது அதே லாரியில் மாசமான பெண் ஒருத்தியைக் கூடலூர் ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டு வருவார். அவர் புத்தகம் எப்போதும் பின்தங்கிக் கிடக்கும், கோழி கிளறின மாதிரி எழுத்து. என் சங்கதி அவருக்குத் தெரியும். ஒரு நாள் வாசலில் நின்று தலையைச் சொறிந்தார். "ஏனுங்கக்கா, என்ற புத்தகத்தப் பாத்தா ஆபீசரு வெரட்டியே போடுவாருங்க" என்றார். "அதையும் கொண்டாங்க தம்பி" என்று நானே சொன்னேன். அவர் கேட்கவில்லை ராசா, நான்தான் கேட்டு வாங்கினேன். எனக்கு அது பிடித்திருந்தது. ஐந்து புத்தகமும் மடியில் இருக்கும்போது நான் யாரோ ஒரு பெரிய மனுஷி. குளித்து, விளக்கேற்றி, முருகனைக் கும்பிட்டுவிட்டுத்தான் உட்காருவேன். பக்தி என்று நினைத்தேன். பாதி பக்தி, பாதி பவிசு.

குழு வந்த நாள் வழக்கத்துக்கு முன்பே மூட்டம் இறங்கிவிட்டது. ஜீப்புகள் வருவது தெரியவில்லை, சத்தம் மட்டும் வந்தது. ஆபீசில் போதிய நாற்காலி இல்லாமல் கைக்குழந்தைகளை விட்டுவைக்கும் பிள்ளைக் காம்பராவிலிருந்து பெஞ்சு கொண்டுவந்து போட்டார்கள். திறந்த கதவு வழியாக மூட்டம் உள்ளே வந்து மேசைக்குக் கீழே படுத்துக்கொண்டது. தலைவரின் வெள்ளை வேட்டி அதில் கலந்துபோய், இடுப்புக்கு மேலே மட்டும் மனிதர்கள் உட்கார்ந்திருப்பதாகத்தான் இன்றும் எனக்கு நினைவிருக்கிறது. கெட்ட மனிதர்கள் இல்லை. ஜனங்களின் பணம் எங்கே போகிறது என்று கேட்க வந்தவர்கள், கேட்க வேண்டியதைத்தான் கேட்டார்கள். தலைவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு புத்தகங்களைப் புரட்டினார்.

"அடடா, அச்சடிச்ச மாதிரி இருக்கே. யாருப்பா எழுதினது?"

"நாங்கதாங்க ஐயா" என்றார் உன் அப்பா. கையைப் பின்னால் கட்டியிருந்தார்.

"நாங்கன்னா எத்தனை பேரு? எழுத்து ஒண்ணாத்தானே இருக்கு." அடுத்த புத்தகத்தை எடுத்தார், அடுத்ததையும் எடுத்தார். "இங்க பாருங்க, ஒவ்வொரு பக்கத்துலயும் பிள்ளையார் சுழி! எங்க கட்சிக்காரங்க பாத்தா ரிப்போர்ட்ல தனியா ஒரு பாராவே எழுதுவாங்க." எல்லோரும் சிரித்தார்கள். "அஞ்சுலயும் அதே சுழி. அப்போ எழுதறது ஒரு ஆளு. இன்னொருத்தர் என்ன செய்யறார்?"

குப்புசாமி மாமா ஓர் அடி முன்னால் வந்தார். "நானு லாரிகூடப் போவேனுங்க."

"லாரிக்கு டிரைவர் இருக்காரில்ல?"

"இருக்காருங்க."

இருமல்காரர் சொன்னார்: "லாரிக்குத் துணைக்குப் போறதுக்கு ஒரு குமாஸ்தா! இந்த வேலை காலியானா எனக்குச் சொல்லியனுப்புங்கப்பா, தேர்தல்ல நிக்கற தொல்லையாவது மிச்சம்." மறுபடி சிரிப்பு.

"அப்புறம்?" என்றார் தலைவர், மாமாவைப் பார்த்து. மாமா உன் அப்பாவைப் பார்த்தார். அப்பாவின் முதுகுக்குப் பின்னால் அந்தக் கை துள்ளிக்கொண்டிருந்தது, நிலைப்பக்கம் நின்ற எனக்குத் தெரிந்தது. மாமாவுக்கும் தெரியும். "அப்புறம் ஒண்ணுமில்லீங்க" என்றார்.

நான் டம்ளர்களை வைத்துக்கொண்டே போனேன். குறிப்பெழுதும் பிள்ளைக்கு எதிர்ப்பக்கமிருந்து டம்ளரை நீட்டியபோது அவன் தாள் எனக்குத் தலைகீழாக இருந்தது. 'இரண்டாவது எழுத்தர் பணியிடம் தேவையில்லை' என்று எழுதி அடிக்கோடு போட்டுக்கொண்டிருந்தான். மை ஈரமாகப் பளபளத்தது. அந்த அறையில் அதை முதலில் படித்தவள் நான். மாமாவுக்கு முன்னால், ஆபீசருக்கு முன்னால். மை காய்வதற்குள் "அது என் எழுத்துங்க" என்று ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். அந்த நேரத்தில் தலைவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் பரிவு இருந்தது. "டீ நல்லா இருக்கும்மா. நம்ம எஸ்டேட் தூளா?" என்று கேட்டார்.

"ஆமாங்க" என்றேன். அன்று என் வாயிலிருந்து வந்தது அந்த ஒரு சொல்தான்.

இரண்டு மாதத்தில் உத்தரவு வந்தது. குப்புசாமி மாமா அருவங்காட்டில் இருந்த மச்சானின் குவார்ட்டர்ஸுக்குக் குடும்பத்தோடு கிளம்பினார். பஸ் வரும்வரை ரோட்டோரத்தில் நின்றோம். அவர் வீட்டுக்காரி சரசு கைப்பிள்ளைக்குத் துண்டைச் சுற்றிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "அக்கா எழுத்து அச்சுப் போட்டாப்புல இருக்குதுன்னு இவுரு தெனமும் சொல்லுவாருங்க. நல்லாத்தான் அச்சுப் போட்டுக் குடுத்துட்டீங்க, நாங்க பொட்டி கட்டறதுக்கு." மாமா, "ஏ, சும்மா இரு புள்ள" என்று அதட்டினார். "நான் அன்னைக்கே பேசியிருக்கணும் தம்பி" என்றேன். "பேசியிருந்தா அண்ணனுக்கில்லீங்க்கா வேல போயிருக்கும்? எனக்குக் கையி காலு நல்லாருக்குது. அண்ணங் கையக் காட்டிக் குடுத்துப்போட்டு அந்த நாக்காலில நானு எப்படீங்க்கா குக்கறது?" என்று கேட்டார். பஸ் வந்தது. மூட்டத்தில் கதவு எங்கே என்று தெரியாமல் சரசு ஒரு நொடி கையால் துழாவினாள். இன்றும் அரைத்தூக்கத்தில் எனக்கு வருவது அந்தக் கைதான்.

அவர் கணவர் வேலை நிலைக்க வேண்டும் என்று நான் பால்குடம் நேர்ந்திருந்தேன். நேர்ந்தபடி எடுத்தேன். கேட்டதை முருகன் கொடுத்துவிட்டான் என்று எல்லோரும் சொன்னார்கள். யாரிடமிருந்து எடுத்துக் கொடுத்தான் என்று நான் அவனைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால், நான் எங்கே எடுத்தேன், நீதானே எழுதிக் கொடுத்தாய் என்றிருப்பான்.

நான் 'அவர் கணவர்' என்று எழுதிவிட்டேன் பார், என் கணவர் என்று எழுத வேண்டியதை. அடிக்கவில்லை, இருக்கட்டும். அந்த நாளைப் பற்றி நினைக்கும்போது நான் வேறு யாரையோ பார்க்கிற மாதிரிதான் இருக்கிறது.

அப்புறம் நடந்தது எந்த அறிக்கையிலும் இல்லை. லாரியோடு போக ஆள் இல்லை. கொழுந்து மூட்டைகள் ரோட்டோரத்தில் கிடந்து சூடேறிக் கருத்தன. காட்டில் நிறுத்ததற்கும் பேக்டரியில் நிறுத்ததற்கும் ஒவ்வொரு நாளும் வித்தியாசம். கூலி குறைந்த பெண்கள் ஆபீஸ் வாசலில் வந்து நின்றார்கள். "எங்க கொழுந்த பாதி வழியில காத்து தின்னுச்சா, இல்ல டிரைவரு தின்னாரா?" என்று ராமாயி கத்தினாள். இருக்கிற ஒரே எழுத்தர் தராசுக்கு ஓடுவாரா, மேசையில் இருப்பாரா? மாமாவின் சம்பளத்தில் மிச்சம் பிடித்ததைவிட ரோட்டோரத்தில் கருத்துப் போனது அதிகம். அதையும் நான்தான் எழுதினேன். குறைந்த எடையை, கழித்துக்கட்டிய கொழுந்தை, எல்லாவற்றையும் சுழி போட்டு அழகாக எழுதினேன். புத்தகம் சுத்தமாக இருந்ததால் யாரும் கேட்கவில்லை. பன்னிரண்டு வருஷமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். நேற்று மத்தியானமும் எழுதினேன்.

நீ போன மறுநாள் உன் அப்பாவிடம் பேசினேன். ஓய்வு பெற அவருக்கு இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது. அடுப்புக்குப் பக்கத்தில் கையைக் காய்ச்சிக்கொண்டிருந்தார். "பையனுக்கு எழுதிறட்டுமா?" என்று கேட்டேன். வெளியே மூட்டம் ஜன்னலை ஒரு முறை மூடி ஒரு முறை திறந்தது. பிறகு, "எழுதுறதுன்னா முழுசா எழுது. பாதியில வுட்டா அவன் மிச்சத்துக்கும் நம்மள நல்லவங்களாவே நெனச்சுக்குவான்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தச் சுழிய ஆரம்பத்துலயே நிறுத்தச் சொன்னேன், கேட்டியா?" என்று சிரித்தார். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவர் அப்படிச் சிரித்தார்.

நீ செய்கிற வேலை தப்பு என்று நான் சொல்லவில்லை. ஊர்ப்பணத்துக்குக் கேள்வி கேட்க ஆள் வேண்டும், அந்த ஆளாக என் மகன் இருப்பதில் எனக்கு நிறைவு. ஆனால் ஓர் ஆளை வைத்து இத்தனை வேலை நடக்கிறது என்று ஒரு புத்தகம் சொன்னால், அந்த ஆளின் வீட்டுக் கதவையும் தட்டிப் பார். அங்கே சம்பளமில்லாமல் யாராவது பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். வீண் ஆள் என்று எழுதுவதற்கு முன்னால் அவன் நாள் முழுக்க எங்கே நிற்கிறான் என்று அவனோடு ஒரு நாள் நடந்து பார். பேச வாயில்லாமல் நிற்கிறவனிடம் 'அப்புறம்' என்று கேட்டுவிட்டு, அவன் ஒன்றுமில்லை என்று சொன்னதும் அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடாதே. கூடலூர்ப் பக்கம் புதிதாகத் திறந்த டிவிஷன்களில் இன்னும் கப்பல் வாசனை போகாத குடும்பங்கள் வந்து இறங்கிக்கொண்டிருக்கின்றன. அங்கே இரண்டாவது எழுத்தர்கள் எத்தனை பேர் என்று உன் பட்டியலுக்குத்தான் தெரியும். ஒவ்வொருவருக்கும் ஒரு சரசு இருப்பாள்.

அதனால் கேட்கிறேன். உன் குறிப்பில் நம் டிவிஷனை மாதிரி என்று காட்டும் வரியை எடுத்துவிடு. எடுத்தால் மட்டும் போதாது, ஏன் எடுத்தாய் என்றும் எழுது. இது நீ மட்டும் படித்துவிட்டுப் பெட்டியில் பூட்டி வைப்பதற்கான கடிதம் இல்லை, யார் வேண்டுமானாலும் படிக்கட்டும். இதைக் கோப்பிலேயே சேர். பழைய புத்தகங்களை வரவழைத்து எழுத்தை ஒப்பிட்டுப் பார்க்கட்டும். நம்பிக்கை வராவிட்டால் என்னைக் கூப்பிடட்டும், குழுவுக்கு முன்னால் உட்கார்ந்து அவர்கள் சொல்லச் சொல்ல ஒரு பக்கம் எழுதிக் காட்டுகிறேன். இந்த முறை வருகைப் பட்டியலில் என் பெயரும் இருக்கும். அப்பாவுக்கு வரவேண்டிய பணத்தில் கை வைப்பார்களா என்று உனக்குக் கவலை வரும். வைக்கலாம். நாங்கள் இரண்டு பேரும் அதைப் பேசி முடித்துவிட்டோம், அதை நீ தூக்கிச் சுமக்க வேண்டாம். என் மேல் கோபம் வந்தால் கோபித்துக்கொள், ஆனால் அதற்காக அந்த வரியை விட்டுவைக்காதே.

மாசக் கடைசியில் குறிப்பு மேலே போய்விடும் என்று சொன்னாய். அதற்கு இன்னும் ஒன்பது நாள்தான் இருக்கிறது. கடிதத்தைக் கூடலூர்த் தபாலில் சேர்க்கச் சொல்லி இப்போதே கொடுத்தனுப்புகிறேன். அந்த வரியை எடுத்தாயா இல்லையா, அதை மட்டும் ஒரு கார்டில் எழுதிப் போடு. கிடைத்த அன்றே போடு.

அம்மா